பின் முழுதாய் இறங்காத டாக்கர்: பிரித்து அளந்து சரிசெய்த குறிப்பு

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஆறு நாற்காலிகளுக்கும் ரெக்சின் மாற்ற வேண்டியிருந்தது. இருக்கைப் பலகைகளைக் கழற்றிப் பழைய உறையை உரித்துவிட்டு, புதிய ஃபோமை வெட்டி வைத்து, முதல் பலகையின் மேல் ரெக்சினை இழுத்துப் பிடித்துக்கொண்டு கை டாக்கரை (மரத்தில் கம்பிப் பின் அடிக்கும் கருவி) அழுத்தியபோது, பின் பாதி இறங்கி அப்படியே நின்றது. இரண்டாவது பின்னும் அவ்வாறே நின்றது. மூன்றாம் முறை சத்தம் மட்டும் வந்தது, பின் வரவில்லை. இந்த டாக்கர் என்னிடம் 11 ஆண்டுகளாக இருக்கிறது. அழுத்தமான இரும்புத் தகட்டு உடலும் மேலே தூக்கி நிற்கும் நீண்ட கைப்பிடியும் கொண்ட பழைய மாதிரி அது. புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றே முதலில் நினைத்தேன். ஆனால் இத்தனை ஆண்டு வேலை செய்த ஒரு பொருள் எந்த இடத்தில் தளர்ந்தது என்று தெரியாமல் அதைப் பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை.

பிரிப்பதற்கு முன், அது எப்படித் தவறுகிறது என்பதை முறையாகப் பார்த்துக்கொள்வது நல்லது என்பது பழைய மிக்ஸி ஒன்றைப் பிரித்துக் கெடுத்த நாளில் கற்றுக்கொண்டது. எனவே 12 மி.மீ. ப்ளைவுட் துண்டு ஒன்றை எடுத்து, 8, 10, 12 மி.மீ. கால் நீளமுள்ள மூன்று அளவுப் பின்களிலும் தலா இருபது முறை அடித்துப் பார்த்தேன். 8 மி.மீ. பின்கள் எல்லாம் வந்தன. இரு கால்களையும் இணைக்கும் முதுகு மட்டும் அரை மி.மீ. மேலே நின்றது. 10 மி.மீ. பின்கள் ஒன்றரை மி.மீ. வரை மேலே நின்றன. அத்துடன், கைப்பிடியை வேகமாக அழுத்தியபோது இருபதில் ஏழு அடிகள் வெற்றடிகளாயின, மெதுவாக அழுத்தியபோது ஒன்றுகூட வெற்றாகவில்லை. 12 மி.மீ. பின்னில் எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் ஒன்றும் வெளிவரவில்லை. பலம் குறைந்திருக்கிறது என்பது முதல் பார்வையிலேயே தெரிகிறது. ஆனால் பலம் குறைந்தால் பின் பாதியில் நிற்க வேண்டுமே தவிர, வராமலே போவது ஏன்? வேகத்துக்கும் வெற்றடிக்கும் என்ன தொடர்பு? இந்த இரண்டு கேள்விகளுக்கும் உள்ளே ஒரே விடைதான் இருந்தது.

பின் வகை மாறிப்போயிருக்குமோ என்பதையும் முதலிலேயே விலக்கிக்கொண்டேன். டாக்கர் பின்களில் பரவலாகக் கிடைப்பவை இரண்டு குடும்பங்கள். 53 என்ற எண்ணில் வருவது 0.7 மி.மீ. அளவுள்ள மெல்லிய கம்பி, அகலம் ஏறக்குறைய 11.4 மி.மீ.; 140 என்ற எண்ணில் வருவது 1.2 மி.மீ. பட்டைக் கம்பி, அகலம் ஏறக்குறைய 10.6 மி.மீ. என்னுடையது பட்டைக் கம்பிக்கானது. மெல்லிய பின் அதன் தடத்தில் சரியாக அமராது. அமர்ந்தாலும் ஓரடியில் இரண்டு பின்கள் சேர்ந்து, பின் வெளிவரும் முன்வாயான மூக்கில் சிக்கும். கடையில் ‘டாக்கர் பின்’ என்று மட்டும் கேட்டால் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குவதே முறை. காகித ஸ்டேப்ளர் பின்னில் 24/6 என்று இருந்தால் முன் எண் கம்பியின் கேஜையும் பின் எண் காலின் மி.மீ. நீளத்தையும் சொல்லும், டாக்கர் பின்னின் எண்களில் அப்படி ஒரு பொருள் ஒளிந்திருப்பதில்லை.

பின்களை எல்லாம் எடுத்துவிட்டு, பின் வரிசையை முன்னே நகர்த்தும் தள்ளியையும் அதன் மெல்லிய வில்லையும் பின்பக்கமாக உருவிய பிறகே உடலைத் திறந்தேன். உள்ளே உள்ள பெரிய சுருள்வில் ஓய்வு நிலையிலும் அழுத்தப்பட்டே இருக்கும் என்பதால், உடலை வைஸில் பிடித்து, மேல்மூடியை ஒரு மரக்கட்டையால் அழுத்திக்கொண்டே குறுக்கு ஊசியைத் தட்டி எடுத்தேன். கண்ணாடி அணிந்திருந்தேன். அப்படியும் மூடி கையை உந்திக்கொண்டுதான் எழுந்தது.

உள்ளே இருப்பவை மிகச் சில உறுப்புகளே. செங்குத்தாக ஏறி இறங்கும் ஒரு மடித்த தகட்டுத் துண்டு. அதன் அடியில் பின்னைத் தாக்கும் மெல்லிய அடிதகடு. இந்த இரண்டையும் சேர்த்து உலக்கை என்று அழைக்கிறேன். செய்யும் வேலையும் அதுதான். உலக்கைக்கு மேல் சுருள்வில். உலக்கையின் பின்முகத்தில் சன்னல் போல ஒரு சதுரத் துளை. கைப்பிடியின் முன்முனையில் உள்ள நாக்கு அந்தச் சன்னலுக்குள் நுழைந்திருக்கிறது. கைப்பிடி உடலின் முன்பகுதியில் ஓர் ஊசியில் ஊசலாடுகிறது. கையை வைத்து அழுத்தும் இடம் அந்த ஊசிக்குப் பின்னால் தொலைவில் இருக்கிறது. நாக்கு முன்னால் அருகில் இருக்கிறது. கை கீழே போகும்போது நாக்கு மேலே எழுகிறது; உலக்கை அதனுடன் உயர்ந்து வில்லை நெருக்குகிறது.

எழும் நாக்கு நேர்கோட்டில் எழுவதில்லை, வட்டப் பாதையில் எழுகிறது. மேலே போகப் போக அது பின்வாங்குகிறது. ஒரு கட்டத்தில் சன்னலின் விளிம்பை விட்டு முழுவதுமாக வெளியே வந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் உலக்கையைத் தாங்க எதுவும் இல்லை. வில் அதைக் கீழே அறைகிறது. தனியாக ஒரு விசை (டிரிகர்) கிடையாது, கொக்கி கிடையாது, வட்டத்தின் இயல்பே விசையாகப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. இவ்வளவு மலிவாக ஒரு விடுவிப்பு அமைப்பைச் செய்ய முடியும் என்பதை நினைத்தபோது, அதை முதலில் வரைந்தவர் யாராக இருந்தாலும் அவர்மேல் மதிப்பு வந்தது. கைப்பிடியை விட்டதும் நாக்கு கீழே வந்து, சன்னலின் சாய்வான விளிம்பில் சறுக்கி மீண்டும் உள்ளே நுழைந்துகொள்கிறது.

கை அரை விநாடியில் சேர்த்ததை வில் எத்தனை நேரத்தில் செலவிடுகிறது என்று அறிய, வில்லை வெளியே எடுத்து அளந்தேன். கம்பியின் விட்டம் 3.2 மி.மீ.; சுருளின் சராசரி விட்டம் 17 மி.மீ.; வேலை செய்யும் சுற்றுகள் 10, முனையில் தட்டையாக்கப்பட்டவை 2. உருக்கின் விறைப்புக் குணகத்தை 79 கிகா பாஸ்கல் என்று கொண்டு, அதைக் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கால் பெருக்கி, சுருள் விட்டத்தின் மூன்றாம் அடுக்கு, சுற்றுகளின் எண்ணிக்கை, 8 ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுத்தால், ஒரு மி.மீ. நெருக்கத்துக்கு ஏறக்குறைய 21 நியூட்டன் என்று வருகிறது. உடலுக்குள் வில் உட்காரும் இடத்தின் உயரம் 56 மி.மீ.; உலக்கை ஏற வேண்டிய தொலைவு 13 மி.மீ. வெளியே எடுத்த வில்லின் நீளமோ 62 மி.மீ.தான். ஹார்டுவேர் கடையில் அதே மாதிரி டாக்கருக்கான உதிரி வில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்கார அண்ணாச்சியிடம் கேட்டு அளந்து பார்த்தேன்: 66 மி.மீ. என் வில் நான்கு மி.மீ. தளர்ந்து குறுகிவிட்டது.

நான்கு மி.மீ. என்பது சிறியதாகத் தோன்றலாம். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. புதிய வில் ஓய்விலேயே 10 மி.மீ. நெருங்கியிருக்கும், ஏறி முடிந்ததும் 23 மி.மீ. நெருங்கும். விசை 210 நியூட்டனில் தொடங்கி 483 நியூட்டனில் முடிகிறது. அதில் சேரும் ஆற்றல் 4.5 ஜூல். என் வில்லில் தொடக்க நெருக்கம் 6 மி.மீ. மட்டுமே என்பதால் அதே 13 மி.மீ. ஏற்றத்துக்குச் சேர்வது 3.4 ஜூல். கால் பங்கு ஆற்றல் போய்விட்டது. ஏற்றம் குறையாமல் தொடக்க நெருக்கம் குறைந்தாலே இவ்வளவு இழப்பு ஏற்படுகிறது என்பதால்தான், சில டாக்கர்களின் தலையில் ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். அதை முறுக்குவது வில்லின் கடினத்தை மாற்றுவதில்லை, தொடக்க நெருக்கத்தை மட்டுமே கூட்டுகிறது. மென்மையான பலகைக்குத் தளர்த்தியும் கெட்டியான மரத்துக்கு இறுக்கியும் வைத்துக்கொள்ளலாம்.

உதிரி வில்லையே வாங்கியிருக்கலாம் என்று இதைப் படிப்பவர் நினைப்பது நியாயம். ஆனால் அண்ணாச்சி அதைத் தனியாகக் கொடுக்க மறுத்துவிட்டார். அது யாரோ சொல்லி வைத்தது. எனவே வில்லின் தலைக்கும் மேல்மூடிக்கும் இடையில் வாஷர் வைத்து இழந்த நெருக்கத்தை மீட்பது என்று முடிவு செய்தேன். இதில் ஒரு வரம்பு உண்டு. 12 சுற்றுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வில்லின் நீளம் 38.4 மி.மீ.; அதற்குமேல் அது நெருங்காது. வாஷர் இல்லாதபோது முழு ஏற்றத்தில் வில்லுக்கு 43 மி.மீ. இடம் இருக்கிறது. நான்கு மி.மீ. வாஷர் வைத்தால் 39 மி.மீ. ஆகிவிடும், தேய்மானத்தையும் அளவுப் பிசகையும் கணக்கில் எடுத்தால் அது வில்லை இரும்புத் துண்டாக்கிக் கைப்பிடியைப் பூட்டிவிடக்கூடிய நெருக்கம். ஆகவே மூன்று மி.மீ. வைத்தேன். 1.6 மி.மீ. இடைவெளி மிச்சம், ஆற்றல் 4.2 ஜூல். ஏறக்குறைய பழைய நிலைதான்.

வில்லோடு வேலை முடிந்திருந்தால் இந்தக் குறிப்பை எழுதியிருக்க மாட்டேன். 12 மி.மீ. பின் ஏன் வரவே இல்லை என்ற கேள்வி இன்னும் மிச்சம் இருந்தது.

மேசை மீதுள்ள காகித ஸ்டேப்ளரில் அடிதகடு ஓய்வில் மேலே நிற்கிறது. அடுத்த பின் ஏற்கெனவே அதன் கீழே வந்து காத்திருக்கிறது. இந்த டாக்கரில் நேர்மாறு. ஓய்வில் உலக்கை கீழே இறங்கி, மூக்கை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பின் வரிசை அதன் பின்முகத்தில் முட்டிக்கொண்டு காத்திருக்கிறது. கைப்பிடியை அழுத்தி உலக்கை உயர்ந்து, அடிதகட்டின் கீழ்விளிம்பு பின்னின் முதுகைத் தாண்டியதும்தான் வழி திறக்கிறது. அப்போது தள்ளி முதல் பின்னை மூக்குக்குள் தள்ள வேண்டும். அதற்குள் நாக்கு சன்னலை விட்டுவிடக் கூடாது. என் டாக்கரில் அடிதகடு ஓய்வில் மூக்கிலிருந்து 0.3 மி.மீ. வெளியே நீட்டி நிற்கிறது. 13 மி.மீ. ஏறினால் அதன் விளிம்பு மூக்கின் அடிக்கு 12.7 மி.மீ. மேலே போய் நிற்கும். 12 மி.மீ. பின்னுக்கு எஞ்சும் இடைவெளி 0.7 மி.மீ. கைப்பிடியின் நெம்புவிகிதம் ஏறக்குறைய நான்கு என்பதால், உள்ளங்கையின் கணக்கில் அது மூன்று மி.மீ. நகர்வுக்கும் குறைவு. பின் நுழைவதற்குக் கிடைக்கும் மொத்த அவகாசமும் அந்த மூன்று மி.மீ.தான்.

அமெரிக்கரான ஜார்ஜ் மெக்கில் 1879இல் காப்புரிமை பெற்ற காகிதப் பின் அழுத்தியில் ஒரு நேரத்தில் ஒரே பின்னைத்தான் வைக்க முடியும். அடித்த பிறகு அடுத்ததைக் கையால் வைக்க வேண்டும். இன்று நாம் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும் ‘அடுத்த பின் தானே வருவது’ என்ற காரியம் எவ்வளவு குறுகிய சந்தில் நடக்கிறது என்பது இந்த மூன்று மி.மீ.யை அளந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

உலக்கை உண்மையில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க, வில் இல்லாமல் உறுப்புகளை மட்டும் பொருத்தி, உலக்கையை விரலால் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே கைப்பிடியை மெல்ல இறக்கினேன். நாக்கு விடுபட்ட உயரம் 11.8 மி.மீ. அதாவது விளிம்பு 11.5 மி.மீ. வரை மட்டுமே எழுகிறது. 12 மி.மீ. பின் நுழைய வழியே இல்லை. 10 மி.மீ. பின்னுக்கு ஒன்றரை மி.மீ. சந்து இருக்கிறது, ஆகவே மெதுவாக அழுத்தினால் நுழைகிறது. வேகமாக அழுத்தினால் துருப்பிடித்த தடத்தில் தள்ளி உராய்ந்து பிந்திவிடுகிறது. 8 மி.மீ. பின்னுக்கு வழி தாராளம். ப்ளைவுட் துண்டில் கண்ட மூன்று விதமான நடத்தைக்கும் ஒரே அளவு விடை சொல்லிவிட்டது.

ஏற்றம் ஏன் குறைந்தது என்பதற்கு நாக்கைப் பார்த்தாலே போதுமாக இருந்தது. கூர்மையாக இருக்க வேண்டிய மேல்விளிம்பு உருண்டு பளபளத்தது. தேய்மானம் முக்கால் மி.மீ. கூட இல்லை. ஆனால் விடுபடும் இடத்தில் நாக்கு கிடைமட்டத்திலிருந்து ஏறக்குறைய முப்பது பாகை சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வில் ஒரு மி.மீ. மேலே போனால் 0.58 மி.மீ. பின்வாங்கும். ஆகவே நாக்கின் நீளத்தில் 0.7 மி.மீ. தேய்ந்தால் விடுபடும் உயரத்தில் 1.2 மி.மீ. குறைகிறது. ஆற்றலும் சேர்ந்து குறைகிறது: தளர்ந்த வில்லும் குறைந்த ஏற்றமும் ஒன்றுசேர, 4.5 ஜூல் இருந்த இடத்தில் மூன்று ஜூலுக்கும் சற்றுக் கீழேதான் எஞ்சியிருந்தது. வில்லின் முழுத் தாங்கலும், ஏறக்குறைய 49 கிலோ எடைக்கு நிகரான விசை, நாக்கின் அந்த ஒரு விளிம்பில் உட்கார்ந்து, ஒவ்வோர் அடியிலும் அதைச் சுரண்டிக்கொண்டே வழுக்குகிறது. இந்த மாதிரியின் எளிமைக்கு நாம் கொடுக்கும் விலை அந்த விளிம்பில்தான் வசூலாகிறது.

நாக்கில் உலோகம் ஏற்றுவதற்கு எங்கள் தெருமுனையில் உள்ள கிரில் பட்டறைக்குக் கொண்டுபோனேன். வாயிற்கதவு செய்கிறவரிடம் நகவிரல் அகலத்துக்கு வெல்டிங் கேட்டதில் அவருக்குக் கொஞ்சம் சிரிப்பு. இருந்தாலும் இரண்டே தீப்பொறியில், நாக்கின் முனையில் ஒரு சொட்டு ஏற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அந்த உலோகம் மென்மையான சாதாரண வெல்டிங் கம்பி. மூல நாக்கின் கடினம் அதற்கு இல்லை என்பதும், சூட்டில் சுற்றுப்புறமும் கொஞ்சம் மென்மையாகியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இது நிரந்தர மருத்துவம் அல்ல.

அரத்தால் அந்தச் சொட்டை நாக்காக மாற்றுவதில் ஒரு மாலை முழுவதும் போயிற்று. நீளம் கூடினால் கைப்பிடி உடலில் இடித்து நிற்கும் வரை நாக்கு விடுபடுவதே இல்லை. குறைந்தால் பழைய நோய் திரும்பிவிடும். முதல் பொருத்தலில் கைப்பிடி அடியோடு படுத்துவிட்டது, உலக்கை அசையாமல் மேலேயே நின்றது. வில் இல்லாமல் சோதித்ததால் அதைக் கையால் இறக்கி மீள முடிந்தது. வில்லோடு இது நேர்ந்திருந்தால் பிரிப்பதே பெரும்பாடாகியிருக்கும். ஒன்பது முறை கழற்றி, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று இழுப்பு மட்டும் அராவி, பத்தாம் முறை 13.1 மி.மீ.யில் விடுபட்டது. அங்கே நிறுத்திக்கொண்டேன். மேல்விளிம்பை எண்ணெய்க்கல்லில் தேய்த்து வழவழப்பாக்கி, அங்கே மட்டும் கிரீஸ் தடவினேன்.

அடுத்து நடந்தது முழுக்க என் தவறு. உலக்கை கீழே வந்து மோதும் இடத்தில் ஒரு தாங்கு ரப்பர் இருக்கிறது. அது கல்லாக இறுகி விரிசல் விட்டிருந்தது. லாரி மட்ஃபிளாப் ரப்பர் ஒன்று வீட்டில் கிடந்ததால் அதிலிருந்து அதே வடிவத்தில் வெட்டி வைத்தேன். அதன் கனம் ஐந்து மி.மீ.; பழையது நான்கு. நசுங்கி நான்காகிவிட்டது, முதலில் ஐந்தாக இருந்திருக்கும் என்று நானே ஒரு கதை சொல்லிக்கொண்டேன். எல்லாவற்றையும் பூட்டி, வாஷரும் வில்லும் ஏற்றி அடித்தால், சத்தம் புது டாக்கர் போல இருக்கிறது, பின் மட்டும் ஒவ்வொன்றும் பிசகாமல் ஒரு மி.மீ. மேலே நிற்கிறது. ஆற்றல் போதாமல் நிற்கும் பின் ஒன்றுக்கொன்று வேறு உயரத்தில் நிற்கும். எல்லாம் ஒரே உயரத்தில் நின்றால் எதுவோ தடுக்கிறது என்று பொருள். இதை உணர எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. ரப்பரின் கனம்தான் அடிதகடு கடைசியாக நிற்கும் இடத்தை முடிவு செய்கிறது: கனம் கூடினால் தகடு மூக்குக்குள்ளேயே நின்றுவிடும், குறைந்தால் வெளியே நீண்டு ரெக்சினை வெட்டும். மீண்டும் பிரித்து, ரப்பரைக் கரடுமுரடான எமரித் தாளில் தேய்த்து நான்கு மி.மீ. ஆக்கினேன். அடிதகடு மறுபடி 0.3 மி.மீ. வெளியே வந்தது.

மற்றவை சிறு வேலைகள். அடிதகட்டின் கீழ்விளிம்பில் இரண்டு மூலைகளும் மழுங்கியிருந்தன. கல்லில் நேராக்கினேன், 0.2 மி.மீ.க்கு மேல் எடுக்கவில்லை, ஏனென்றால் அங்கே எடுப்பது அப்படியே பின்னின் உயரத்தில் தெரியும். மூக்கின் சந்து 1.45 மி.மீ. இருந்தது, 1.2 மி.மீ. பின் ஒன்று நுழைந்தால் இரண்டாவதற்கு இடமில்லை, எனவே அதைத் தொடவில்லை. பின் தடத்தில் இருந்த துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்து நீக்கி, பென்சில் கரியைத் தேய்த்துவிட்டேன். பல ஆண்டுகளாக அங்கே தையல் மெஷின் எண்ணெய் விட்டுவந்தவன் நான். அந்த எண்ணெய்தான் ஃபோம் தூசியைச் சேர்த்துப் பசையாக்கித் தள்ளியைத் தாமதப்படுத்தியது.

நான்காம் மாலை 12 மி.மீ. பின் முதல் முறையாக வெளியே வந்தது. இருபதுக்கு இருபதும் வந்தன. ஆனாலும் ஒரு கையால் அடிக்கும்போது சில பின்கள் ஒரு மி.மீ. அளவு மேலே நின்றன. இந்த முறை ஒரே உயரமாக இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் குஷன் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் இப்போது கம்ப்ரஸரில் ஓடும் காற்று டாக்கர்தான் வைத்திருக்கிறார். ஆனாலும் என்னுடையதை வாங்கி, ஒரு கட்டையில் இரண்டு பின் அடித்தார். இரண்டும் பலகையோடு படிந்தன. “மூக்கைத் தூக்க விடாதீங்க தம்பி. வலது கை அமுக்கட்டும், இடது கை தலையில இருக்கட்டும்” என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அதற்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வில் உலக்கையைக் கீழே தள்ளும் அதே விசையோடு உடலை மேலே தள்ளுகிறது. உலக்கையின் எடை 62 கிராம். மீதி உடல் 690 கிராம். உடலைப் பிடிக்க யாரும் இல்லை என்று கொண்டால், உலக்கை உடலுக்குள் 13 மி.மீ. இறங்கி முடிப்பதற்குள் உடல் ஒரு மி.மீ.க்குச் சற்று மேல் எழும்பிவிடுகிறது. பின் மேலே நின்ற அளவும் அதுதான். இது நடக்கும் நேரம் ஏறக்குறைய இரண்டு மில்லிவிநாடி. அடிதகடு கடைசியில் விநாடிக்குப் பத்து மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் இறங்குகிறது. உதறலை உணர்ந்த பிறகு கை இறுக்கிப் பிடிப்பதற்கு அந்த நேரம் போதாது. முன்கூட்டியே அழுத்திக்கொண்டிருந்தால்தான் உண்டு. உராய்வையும் மரத்தின் எதிர்ப்பையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. உண்மையில் நிலைமை இன்னும் மோசமாகவே இருக்கும், ஏனெனில் உந்தல் மூக்கில் நிகழ்கிறது, எடையின் மையமோ அதற்குப் பின்னால் இருக்கிறது. உடல் நேராக எழாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு சாய்கிறது.

இந்த மாதிரியின் பெரிய குறை இதுதான் என்பது என் கருத்து. நாக்கை உயர்த்துவதற்குக் கைப்பிடி பின்பக்கம் திறக்க வேண்டியிருக்கிறது. ஆகவே கையின் எடை டாக்கரின் வாலில் விழுகிறது. மூக்கை அழுத்த வேண்டிய நேரத்தில் நாம் வாலை அழுத்திக்கொண்டிருக்கிறோம். பின்னர் வந்த வேறொரு வகையில் கைப்பிடியின் ஊசியைப் பின்னால் வைத்து, வாயை முன்பக்கம் திறந்திருக்கிறார்கள். அதில் உள்ளங்கை நேராக மூக்கின் மேலேயே அழுத்துகிறது; அழுத்தும் செயலே மூக்கையும் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அங்கே கை இறங்கும் பக்கத்திலேயே உலக்கை ஏற வேண்டும். திசையைத் திருப்ப இடையில் இன்னொரு நெம்புகோல் தேவைப்படுகிறது. உறுப்பு கூடுகிறது, தேயும் விளிம்பும் கூடுகிறது. கடையில் அந்த வகை ஒன்றைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தேன். சிறிய கை உள்ளவர்களுக்கும், தலைக்கு மேல் கூரையில் பின் அடிப்பவர்களுக்கும் அதுதான் ஏற்றது. நான் அடிப்பதோ மேசைமேல் கவிழ்த்து வைத்த நாற்காலிப் பலகை. இடது கை சும்மாதான் இருக்கிறது. பழையதையே வைத்துக்கொண்டேன்.

நாற்காலிகளுக்கு 10 மி.மீ. பின்னே போதுமானதாக இருந்தது; ரெக்சின் மூன்று மடிப்பாகத் திரளும் மூலைகளில் மட்டும் 12 மி.மீ. போட்டேன். நான்கு பக்கங்களின் நடுவிலும் முதலில் ஒவ்வொரு பின், பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கி மாறி மாறி. மூலையை முதலில் பிடித்தால் சுருக்கம் நடுவில் வந்து தங்கிவிடும். ஒரு பலகைக்கு ஏறக்குறைய நூற்றுப்பத்து பின்கள் வீதம், அடித்துணியையும் சேர்த்து, ஆறு பலகைகளுக்கும் 650க்கு மேல் அடித்தாயிற்று. வெற்றடி நான்கு. குறடு கொண்டு பிடுங்க வேண்டியிருந்தவை பதினொன்று. அவற்றில் பாதி, நான் இடது கையை எடுத்துவிட்டு ரெக்சினை இழுத்த நேரத்தில் அடித்தவை.

கடைசிப் பலகையை மாட்டிய பிறகு, வில்லை எடுத்துவிட்டு உலக்கையின் ஏற்றத்தை மறுபடியும் அளந்தேன். 13.1 என்று விட்டது 13.0 ஆகியிருந்தது. நாக்கின் மேல்விளிம்பில், நான் தேய்த்த வழவழப்புக்கு மேல், சன்னலின் அகலத்துக்குச் சரியாக ஒரு புதிய பளபளப்புக் கோடு விழுந்திருந்தது. வேலை மறுபடி தொடங்கும்போது பார்க்க வேண்டிய எண்ணாக, டாக்கரின் உட்பக்கத் தகட்டில் மார்க்கரால் ‘13.0’ என்று எழுதி மூடினேன். சொல்லி வைத்தவர் அந்த உதிரி வில்லை இன்னும் வாங்கவில்லையாம். மாத இறுதி வரை பார்த்துவிட்டுத் தருவதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்.